பழைய படத்தில் ஒரு பந்தயக் கார்

சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்டு, போர் ஓய்ந்தபின் ஆளரவமற்றுக் கிடந்த சோழவரம் விமான ஓடுபாதையில், 1950களின் நடுப்பகுதி முதல் 1980களின் இறுதி வரை நடந்துவந்த மோட்டார் பந்தயங்களைக் காணச் சென்றவர்கள் எடுத்துவைத்த புகைப்படங்கள், இன்று அவர்களுடைய பீரோக்களிலும் தகரப் பெட்டிகளிலும் பெயரற்றுக் கிடக்கின்றன. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களின் படங்கள் ஓசூரை அடுத்த எங்கள் ஜவளகிரிப் பக்கத்திலும் அங்கங்கே அகப்படுவதில் ஆச்சரியமில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, 1980-இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் வந்தபோது, எண்ணூரிலும் பாடியிலும் அம்பத்தூரிலும் தொழில் பழகிய எத்தனையோ கைகள் இந்த எல்லைப்புறத்துக்குக் குடிபெயர்ந்தன. பிப்ரவரி மாதத்து ஞாயிறுகளில் கயிற்றுக்கு இப்பால் நின்று பந்தயம் பார்த்த நினைவுகளும் அவர்களுடன் பெட்டி கட்டப்பட்டு வந்தன.

அத்தகைய படம் ஒன்றைக் கையில் வாங்கினால் நாம் காண்பது என்ன? மட்கார்டு இல்லாத, கூரை இல்லாத, மனிதன் ஒருவன் மட்டும் அமரக்கூடிய ஒரு சிறு வண்டி. அதன் பக்கத்தில் ஓர் எண். கண்ணாடியும் தலைக்கவசமும் முகத்தின் முக்கால் பாகத்தை விழுங்கிவிட்ட ஓர் ஆள். பின்புறத்தைத் திருப்பினால் வெறும் காகிதம். இந்த வண்டி எது, இவர் யார், இது எந்த ஆண்டு என்னும் கேள்விகளுக்கு விடை காண்பதற்கென்றே ஒரு நுட்பமான கலை உலகில் வளர்ந்திருக்கிறது. அது செழித்து வளர்ந்த இடம் அமெரிக்கா. வளரக் காரணமாக இருந்தவை 'மிட்ஜெட்' என்று அழைக்கப்படும் குட்டிப் பந்தயக் கார்கள்.

1933 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் முறையான முதல் மிட்ஜெட் பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கில்மோர் ஸ்டேடியம் திறக்கப்பட்டு, மின்விளக்கு வெளிச்சத்தில் இரவு நேரங்களில் அந்தச் சிறு வண்டிகள் மண் வட்டத்தில் சுழன்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஆறடிக்குச் சற்று ஏறக்குறைய இருந்த அந்த வண்டிகளில் முதலில் பொருத்தப்பட்டவை படகு மோட்டார்களும் மோட்டார் சைக்கிள் என்ஜின்களுமே. பொருளாதார மந்தத்தில் நாடே வாடிக்கொண்டிருந்த காலத்தில், கொல்லைப்புறத்துப் பட்டறையில் மிகுந்துபோன இரும்பைக் கொண்டு சாமானியன் கட்டிவிடக்கூடிய பந்தயக் கார் இது ஒன்றுதான் என்பதால், அது காட்டுத்தீயாய்ப் பரவியது. 1934-இலேயே ஃப்ரெட் ஆஃபன்ஹாசர் இதற்கென்று நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்றைச் செய்தளித்தார். 1937-இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட 60 குதிரைத்திறன் கொண்ட வி-8 என்ஜின் அதற்கு மலிவான போட்டியாக வந்தது. போருக்குப்பின் ஃப்ராங்க் கர்ட்டிஸ் என்னும் கைதேர்ந்த வினைஞர், குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டங்களோடு நூற்றுக்கணக்கில் மிட்ஜெட்டுகளைக் கட்டி விற்றார்.

அந்த வண்டிகளில் ஸ்டார்ட்டரும் கிடையாது, நம் கார்களில் உள்ளதுபோன்ற கியர் வரிசையும் கிடையாது. இன்னொரு வாகனம் பின்னாலிருந்து தள்ளித்தான் என்ஜினை உயிர்ப்பிக்க வேண்டும். ஆகவே ஒரு படத்தில் குட்டிக் கார் ஒன்றின் வாலை லாரி முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு விபத்தென்று எழுதுவது பிழை. அது பந்தயத்தின் தொடக்கம்.

இனி, அடையாளம் காணும் முறைக்கு வருவோம். முதலில் கண்ணில் படுவது எண். முதலில் சந்தேகிக்க வேண்டியதும் எண்ணேதான். அமெரிக்க மிட்ஜெட்டுகளில் எண் பெரும்பாலும் வண்டியின் உரிமையாளரைச் சேர்ந்தது. ஓட்டுபவர் கூலிக்கு வருபவர். இன்று இவர், நாளை அவர். ஓராண்டு சாம்பியன் பட்டம் வென்றவர் மறு ஆண்டு 1 என்னும் எண்ணைச் சூடிக்கொள்வதும் வழக்கம்; ஆதலால் ஒரே வண்டி இரண்டு ஆண்டுகளில் இரண்டு எண்களோடு தோன்றும், ஒரே எண் இரண்டு வண்டிகளில் தோன்றும். வர்ணமும் அப்படியே, ஒரு குளிர்காலத்தில் மாறிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பன்னேருகட்டாவிலிருந்து எங்கள் ஜவளகிரிக் காட்டுக்கு யானைக் கூட்டங்கள் வந்து இறங்கும்போது, வனத்துறையினர் ஒவ்வொரு ஆண் யானையையும் எப்படி இனங்காண்கிறார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்ப்பது பயன் தரும். மேலே பூசிய சேற்றின் நிறத்தையோ அன்றைக்கு இருக்கும் வயிற்றின் பருமனையோ அவர்கள் குறித்துக்கொள்வதில்லை; காது மடலின் கிழிசல், தந்தம் வளைந்த விதம், வால் நுனியின் முடி என்று எளிதில் மாறாதவற்றையே குறிக்கிறார்கள். பந்தயக் காரிலும் மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்தறிவதே முழு வித்தை. எண், வர்ணம், விளம்பர எழுத்து, மூக்குத் தகடு ஆகியவை மாறுபவை. என்ஜினின் புகைக்குழாய் எந்தப் பக்கம் வெளிப்படுகிறது, ஸ்பிரிங் பட்டையா சுருளா, அச்சு முழுத் தண்டா மூட்டிட்ட தண்டா, சட்டத்தில் எந்த இடத்தில் பற்றவைப்பு, ரிவிட் வரிசை எப்படி ஓடுகிறது ஆகியவை எளிதில் மாறாதவை. ஒரு கைவினைஞன் தன் பழக்கத்தை வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வதில்லை. டிங்கரிங் செய்பவன் தகட்டை மடித்த விதத்திலேயே அவனுடைய கையெழுத்து இருக்கிறது.

புகைக்குழாயைப் பார்த்தால், நான்கு சிலிண்டர் ஆஃபன்ஹாசர் ஒரு பக்கமாகவே மூச்சு விடும். ஃபோர்டு வி-8 இரு பக்கமும் விடும். ஆதலால் வண்டியின் இரு புறமும் குழாய் தெரிந்தால் அது ஆஃபன்ஹாசர் அன்று. சக்கரத்தைப் பார்த்தால், கம்பிச் சக்கரம் பெரும்பாலும் போருக்கு முந்தியது. வார்த்தெடுத்த மக்னீசியச் சக்கரம் போருக்குப் பிந்தியது. தலையைப் பார்த்தால், துணித் தொப்பியும் தோல் தொப்பியும் 1930களின் முற்பகுதியைக் காட்டும். முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசம் 1968-க்கு முன் இருக்க இடமில்லை. ஓட்டுபவரின் தலைக்கு மேல் இரும்புக் கூண்டு இருந்தால் 1960களின் இறுதிக்கு முன்னே போக வேண்டியதில்லை. இவ்வாறான சான்றுகள் எல்லாம் 'இதற்கு முன் அன்று' என்று மட்டுமே உறுதியாகச் சொல்லவல்லவை. பழைய சக்கரத்தைப் புதிய வண்டியில் மாட்டுவாரும் உண்டு என்பதால், 'இதற்குப் பின் அன்று' என்று அவை ஒருபோதும் சொல்லமாட்டா. இந்த ஒரு நியாயத்தை மறந்ததனாலேயே பெரும்பாலான தவறான குறிப்புகள் எழுதப்படுகின்றன.

படமே பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் இரண்டு உண்டு. ஒன்று, நெகடிவை மறுபக்கமாகப் புரட்டி வைத்து அச்சிட்டுவிடுவது. 0, 8, 11, 88 போன்ற எண்கள் இடவலம் மாறினாலும் அப்படியே தெரிவதால் எண்ணை நம்ப முடியாது. அமெரிக்க மண் வட்டங்களில் வண்டிகள் இடப்புறமாகவே சுற்றுகின்றன. பின் சக்கரங்கள் வெளிப்புறமாக வழுக்கும்போது ஓட்டுபவர் முன் சக்கரங்களை வலப்புறம் திருப்பிப் பிடிப்பார். படத்தில் வண்டி வலப்புறம் வளைந்து முன் சக்கரம் இடப்புறம் திரும்பியிருந்தால், நெகடிவ் புரண்டிருக்கிறது என்று ஐயுறலாம். நம் ஊர்ப் படமானால், பின்னணியில் நிற்கும் அம்பாசிடரின் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது, வேடிக்கை பார்ப்பவரின் சட்டைப் பித்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே விளங்கிவிடும்.

மற்றொரு பொய் காமிராவின் உள்ளே பிறப்பது. பழைய பெரிய காமிராக்களில் ஒரு திரைச்சீலையின் குறுகிய பிளவு பிலிமின் குறுக்கே நகர்ந்துகொண்டே ஒளியை அனுமதிக்கும். காமிராவுக்குள் பிம்பம் தலைகீழாக விழுகிறது. பிளவு மேலிருந்து கீழே இறங்கும்போது முதலில் பதிவது தரை, கடைசியில் பதிவது சக்கரத்தின் உச்சி. அந்தச் சிறு இடைவெளிக்குள் கார் முன்னே நகர்ந்துவிடுவதால், வட்டமான சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த நீள்வட்டமாகப் பதிகிறது. ழாக் ஆன்ரி லார்ட்டிக் என்னும் பிரெஞ்சுக்காரர் 1910களின் தொடக்கத்தில் எடுத்த பந்தயக் கார்ப் படம் இதனாலேயே உலகப் புகழ் பெற்றது. பிளவு பக்கவாட்டில் நகரும் சிறு காமிராக்களிலோ, பிம்பம் பிளவோடு சேர்ந்தே நகர்ந்தால் வண்டி சற்று நீண்டும், எதிர்த்து நகர்ந்தால் சற்றுக் குறுகியும் பதியும். சக்கரத்தின் விட்டத்தை அளவுகோலாகக் கொண்டு இரு அச்சுகளுக்கு இடையேயுள்ள தூரத்தைக் கணக்கிடுபவர், முதலில் சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

புகழ்பெற்ற பெயரின் கவர்ச்சி இந்தக் கலையின் பெரும் பகை. கில்மோரில் மிட்ஜெட் ஓட்டி வளர்ந்த பில் வூக்கோவிச், 1953-இலும் 1954-இலும் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்று, 1955-இல் முன்னணியில் இருக்கும்போதே அங்கே விபத்தில் இறந்தவர். ஆகவே முகம் தெரியாத மிட்ஜெட் படங்கள் அவர் தலையில் ஏற்றப்படுவது இயல்பு. மாறாக, நம்ப முடியாததாகத் தோன்றும் படம் உண்மையாக இருப்பதும் உண்டு. 1959 டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தின் படங்களில், பின்புறம் என்ஜின் வைத்த தாழ்ந்த கூப்பர் கார்களுக்கு நடுவே, நிமிர்ந்து நிற்கும் ஒரு குட்டி மிட்ஜெட் தெரியும். யாரோ இரண்டு படங்களை ஒட்டிவிட்டார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் ரோட்ஜர் வார்டு என்பவர் கர்ட்டிஸ் சட்டமும் ஆஃபன்ஹாசர் என்ஜினும் கொண்ட மிட்ஜெட்டை மெய்யாகவே அங்கே ஓட்டினார். அதே ஆண்டு லைம் ராக் என்னும் இடத்தில் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களை அதே வகை மிட்ஜெட்டினால் வென்ற தைரியம் அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

சோழவரத்துக்குத் திரும்புவோம். இங்கே மண் வட்டம் இல்லை, காங்கிரீட் ஓடுபாதை. மிட்ஜெட் என்ற பெயரும் இல்லை. ஆயினும் அந்த வண்டிகளைப் பெற்றெடுத்த தேவை ஒன்றே. வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது மிகச் சிலருக்கே சாத்தியமாக இருந்த காலத்தில் (1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைச் சோழவரத்தில் ஓட்டியது அரிதான விதிவிலக்கு), மற்றவர்கள் நம் சாலைகளில் ஓடிய மூன்று நான்கு வகைக் கார்களை அறுத்து, குறுக்கி, தகடு மாற்றித் தங்கள் கைப்படப் பந்தய வண்டிகளைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு இந்த வண்டிகளின்மீது உள்ள மதிப்பு இறக்குமதியான எந்தக் காரின்மீதும் இல்லை. வரைபடமும் உதிரிப் பாகமும் இல்லாமல் லேத்தையும் வெல்டிங் கம்பியையும் நம்பி மணிக்கு நூறு மைலைத் துரத்திய மெக்கானிக்குகளின் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை; அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் வண்டியின் உடம்பு ஒன்றே.

அந்த உடம்பை வாசிப்பது கடினமன்று. அம்பாசிடரில் அச்சுகளுக்கு இடையே 97 அங்குலம், சக்கர வளையம் 15 அங்குலம். ஃபியட் 1100-இல் ஏறத்தாழ 92 அங்குலம், வளையம் 14. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் 91½ அங்குலம், வளையம் 13. ஃபியட்டுக்கும் ஹெரால்டுக்கும் இந்த நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லாததாலும், சட்டத்தையே குறுக்கிவிடுவது வழக்கமாக இருந்ததாலும் அளவு மட்டும் போதாது. பின் அச்சைக் காண வேண்டும். அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் பின்னால் ஒரே முழுத் தண்டு. இரு சக்கரங்களும் எப்போதும் தரைக்குச் செங்குத்தாகவே நிற்கும். ஹெரால்டிலோ குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங்கும், நடுவில் மூட்டிட்டு இரு புறமும் ஊசலாடும் அரை அச்சுகளும். வளைவில் வண்டியின் வால் உயரும்போது பின் சக்கரங்கள் அடிப்புறம் உள்ளே மடிந்துகொள்ளும். ஹெரால்டின் மேற்கூட்டை முழுதுமாகக் கழற்றினாலும் தனிச் சட்டம் முழுமையாக நிற்கும் என்பதால் கட்டுபவர்களுக்கு அது வசதியாயிற்று. பின் சக்கரம் மடிந்த படத்தைக் கண்டால் ஹெரால்டு என்று ஊகிக்கலாம். என்ஜினும் பின்னால் இருந்தால் ஃபோக்ஸ்வாகனையும் நினைக்க வேண்டும். ஆனால் முன் சக்கர மூட்டு மட்டும் ஹெரால்டைப் போல் இருந்தால் அவசரப்படலாகாது. இங்கிலாந்தின் பல பந்தயக் கார் கட்டுநர்களும் அதே மூட்டை வாங்கிப் பொருத்தினார்கள்.

ஜவளகிரியில் ஓய்வாக இருக்கும் ஃபிட்டர் ஒருவர் எனக்குக் காட்டிய படத்தை இந்த முறைப்படி வாசித்தோம். புகைக்குழாய் ஒரு புறம் மட்டும். 13 அங்குல வளையம் என்று தோன்றும் சிறு சக்கரங்கள். உள்ளே மடிந்த பின் சக்கரம். முகம் முழுதும் மூடிய தலைக்கவசம். கயிற்றுக்கு அப்பால் ஒரு டி.வி.எஸ். 50 மொபெட் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. "இந்த வண்டிய உசுப்ப நாங்க நாலு பேர் தள்ளணும் சார், பாட்டரியக் கழட்டிப் போட்டுட்டாங்க, எடை குறையணும்னு," என்றார் அவர். தலைக்கவசம் 1968-க்கு இப்பால் என்றது. எங்கள் ஓசூரில் 1980-இல் பிறந்த அந்த மொபெட், ஆண்டை ஒரே தாவலில் பன்னிரண்டு வருடம் முன்னே தள்ளிவிட்டது. ஹெரால்டு சட்டத்தின்மேல் கட்டியது, 1980-க்கு முந்தியதன்று, என்ற அளவில் முடிவு உறுதி. ஓட்டியவர் பெயராக அவர் சொன்னது கோயம்புத்தூர்ப் பந்தய வீரர் கரிவர்தனின் பெயர். வண்டியைத் தள்ளிய கைகளின் நினைவை நான் மதிக்கிறேன், ஆனால் எண்ணும் முகமும் சான்று தராததால் அதைப் பென்சிலில் 'நினைவு' என்றே குறித்தோம்.

பின்னணி எவ்வளவு உதவும் என்பதற்கு இந்த மொபெட்டே சாட்சி. கூட்டத்தில் மாருதி 800 நின்றால் 1983 டிசம்பருக்குப் பின்; இந்த்-சுசுகி நின்றால் 1984-க்கு முந்தியதன்று; எண் பலகையில் டி.என். என்பதை அடுத்து இரண்டு இலக்கம் வந்தால் 1989-இன் புதிய முறைக்குப் பின். கையில் நெகடிவே இருந்து, அதன் ஓரத்தில் இந்து என்ற பெயர் இருந்தால், அது 1960களின் பிற்பகுதியில் உற்பத்தி தொடங்கிய உதகை ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் சுருள்.

பிரத்தியட்சமும் அனுமானமும் ஓய்ந்த இடத்தில்தான் பிறர் சொல்லை நாட வேண்டும். பந்தய நாளன்று விற்ற நிகழ்ச்சிப் புத்தகம், மறுநாள் வந்த 'தி இந்து', 1968 வரை வெளிவந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' வாரப் பத்திரிகை ஆகியவற்றைத் தேடலாம். நிகழ்ச்சிப் புத்தகத்தில் இருப்பது பெயர் கொடுத்தவர் பட்டியல். ஓடியவர் பட்டியல் அன்று. சனிக்கிழமைப் பயிற்சியில் என்ஜின் உடைந்து, ஞாயிற்றுக்கிழமை நண்பர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர்கள் உண்டு. ஆகவே ஆளை அறிய உடல்மொழியையும் நாட வேண்டும்: ஸ்டியரிங்கை முழங்கை மடக்கிப் பிடிப்பவரா, கை நீட்டிப் பிடிப்பவரா, வளைவில் தலையை உட்புறம் சாய்ப்பவரா, கையுறை அணிபவரா. பெயர் உறுதியான மற்றொரு படத்தோடு இவற்றை ஒப்பிடாமல் தனிப் படத்தைக் கொண்டு ஒன்றும் சொல்லிவிட முடியாது.

காலம் முன்னே நகர நகர, மாறுபவை, மாறாதவை என்னும் இந்தச் சமன்பாடு தலைகீழாகிறது. கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன், சோழவரத்தில் ஓட்டியதோடு நில்லாமல் தாமே வண்டிகளை வடிவமைத்தவர். 1988-இல் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் என்ஜினைப் பின்புறம் வைத்து, குழாய்ச் சட்டத்தில் 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். சாமானியனுக்கும் எட்டும் விலையில் உண்மையான பந்தயக் கார் என்ற அமெரிக்க மிட்ஜெட்டின் லட்சியம் நம் நாட்டில் நிறைவேறியது இதில்தான் என்பது என் அபிப்பிராயம். 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே 3.7 கிலோமீட்டர் தடம் திறக்கப்பட்டபின் அந்த வண்டிகளே அங்கே வரிசையாக நின்றன. பின்னாளில் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய நாராயண் கார்த்திகேயன் பழகியதும் அவற்றில்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவர்தன் மறைந்தார். அவர் தந்த வண்டிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவையாதலால், மடிந்த சக்கரமும் ரிவிட் வரிசையும் இங்கே பயன்படா. எது மாறுபவை என்று முன்பு தள்ளினோமோ அந்த எண்ணும், வர்ணமும், விளம்பர ஒட்டியும், தலைக்கவசத்தில் ஒவ்வொருவரும் தீட்டிக்கொண்ட கோலமுமே இங்கே துணை. ஒரே பந்தயத்தின் மற்றப் படங்களைத் திரட்டி, அந்த நாளுக்குள் மட்டும் செல்லும் ஒரு பட்டியலைப் போட்டுக்கொண்டால் முகம் தெரியாமலே ஆளைச் சொல்லிவிடலாம்.

கண்டறிந்ததை எழுதிவைக்கும் முறையும் இந்தக் கலையைச் சேர்ந்ததே. படத்தின் பின்புறம், ஓரமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை நாளடைவில் முன்புறம் ஊறிவிடும், பால்பாயிண்ட் தடம் முகத்தில் புடைத்துத் தெரியும். முன்பு யாரேனும் எழுதிய குறிப்பு தவறென்று தெரிந்தாலும் அதை அழிக்கக் கூடாது. அந்தத் தவறே வேறொன்றுக்குத் துப்பாக அமையலாம். வண்டி, ஓட்டியவர், இடம், ஆண்டு என்று நான்கையும் தனித்தனி வரியாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் எதைக் கண்டு அப்படிச் சொல்கிறோம் என்பதையும் சேர்க்க வேண்டும்: 'ஹெரால்டு, பின் அச்சு கண்டு', '1980-க்குப் பின், மொபெட் கண்டு', 'கரிவர்தன், தள்ளியவர் சொல்'. தள்ளியவர், கட்டியவர் பெயர்கள் கிடைத்தால் அவற்றை ஐந்தாவது வரியாக அங்கேயே எழுத வேண்டும்.